கடைசி இடத்தில் நின்ற அட்டை

கடைசியில் நிற்பவன்மேல் அடி விழாது என்று முப்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்ச், கல்யாணப் பந்தியில் கடைசி இலை, குரூப் போட்டோவில் கடைசி வரிசை (அதிலும் பாதி முகம்தான்). இந்தக் கொள்கைக்கு விஞ்ஞான ஆதாரம் கிடைத்தது ஒரு சீட்டு விளையாட்டில்.

சீட்டு என்றதும் ரம்மி என்று நினைத்துவிடாதீர்கள். இது போனில் ஆடுவது. பூதம், வில்லாளி, வைத்தியக்காரி என்று ஆளுக்கொரு சக்தி உள்ள அட்டைகளைக் காசு கொடுத்து வாங்கி, முகம் தெரியாத எவனுடைய அட்டைகளோடோ மோதவிட வேண்டும். ஜெயித்தால், விற்றுக் காசாக்கக்கூடிய டோக்கன் பரிசு. ஒவ்வொரு அட்டையும் பிளாக்செயின் என்ற டிஜிட்டல் பதிவேட்டில் நம் பேரில் பதிவாகியிருக்கும். நம்மைக் கேட்காமல் யாரும் பிடுங்க முடியாது. இதை அம்மாவிடம் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்: "பட்டா நம்ம பேருக்கு மாத்தியாச்சா?"

பகலில் தில்லை நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுவேன். மீதி நேரமெல்லாம் போர்க்களம். "இது விளையாட்டு இல்லம்மா, வருமானம்" என்று அடித்துச் சொல்வேன். (நாள் முழுக்க ஜெயித்தால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்கலாம். பிஸ்கட் கிடையாது.)

அந்த ஆட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. சண்டையை நாம் போடுவதே இல்லை. யார் முன்னால், யார் பின்னால் என்று அட்டைகளை வரிசைப்படுத்திக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது. அப்புறம் அதுகளே அடித்துக்கொள்ளும். நாம் வாயைப் பிளந்து பார்க்கலாம். முன்னால் அடி தாங்குகிற தடித்த தோல்காரன். இரண்டாவது, தூரத்திலிருந்து எட்டி அடிக்கிறவன். அதற்குப் பின்னால் காயத்துக்கு மருந்து போடுகிறவள். கடைசியில், ஒன்றுக்கும் உதவாத நோஞ்சான். ஒரே ஒரு ஆபத்து: சில அட்டைகள் முன்னால் நிற்பவர்களை ஏறெடுத்தும் பார்க்காது. சுற்றிக்கொண்டு வந்து கடைசியில் நிற்பவனையே போடும். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் மறந்துவிட்டது.

என் தங்கை பவித்ரா பிசியோதெரபிஸ்ட். அவளுக்குப் பாலக்கரையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்திலிருந்து வரன் வந்தது. பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரே பயம், வேலையை விடச் சொல்லிவிடுவார்களோ என்று. அந்த வீட்டிலும் கடையிலும் பையனுடைய அம்மா வைத்ததுதான் சட்டம் என்று கேள்வி. அவர்கள் ஸ்ரீரங்கத்துக்கு எங்கள் வீட்டுக்குப் பேசி முடிக்க வருவதற்கு முந்தின நாள் பவித்ரா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, கல்யாணத்துக்கப்புறமும் நான் வேலைக்குப் போவேன். அதை நாளைக்கு நீதான் சொல்லணும்."

"நானா? நீயே சொல்லேன்."

"நான் சொன்னா வாயாடின்னுவாங்க. நீ சொன்னா பொறுப்பான அண்ணன்னுவாங்க. அப்பா இருந்திருந்தா உன்னைக் கேப்பேனா?"

அப்பா இல்லாமல் நாலு வருடம் ஆகியிருந்தது. சரி என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, கண்ணாடிக் கடை பில் ஒன்றின் பின்பக்கத்தில் ரகசியமாக அணிவகுப்பு போட்டேன். ஒன்று, மாமா: அடி தாங்க. (எதைச் சொன்னாலும் "அப்படியா" என்பார். பீரங்கியே துளைக்காது.) இரண்டு, அத்தை: எட்டி அடிக்க. மூன்று, அம்மா: மருந்து. நான்கு, நான். மறுநாள் இந்த வரிசைப்படியே நாற்காலி போட்டேன். எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, பீரோ ஓரமாக.

மூன்று மணிக்கு வந்தார்கள். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். போதாததற்கு, விளையாட்டின் சீசன் அன்று நாலு மணிக்கு முடிகிறது. இன்னும் ஒரே ஒரு வெற்றி கிடைத்தால் எனக்குப் பெரிய பரிசுப் பெட்டி. எல்லாரும் கேசரி சாப்பிடும் நேரம் பார்த்து, போனைச் சைலண்டில் போட்டு, அட்டைகளை வரிசையாக இறக்கி, சண்டையைத் தொடங்கிவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு களத்திலும் படை தயார். இனி என் வேலை வேடிக்கை பார்ப்பதுதான்.

பையனுடைய அம்மா தட்டைக் கீழே வைத்தார். "பொண்ணு வேலைக்குப் போறாங்கல்ல?"

"அப்படியா?" என்றார் மாமா.

பெண்ணின் சொந்தத் தாய்மாமன்! அந்த அம்மா ஒரு விநாடி அவரையே பார்த்தார். உடனே இரண்டாம் இடத்திலிருந்து அத்தை எட்டி அடித்தாள்: "வேலைன்னா உசிருங்க அவளுக்கு. அடுப்படிப் பக்கமே வர மாட்டான்னா பாத்துக்குங்களேன்!"

காயம் எங்களுக்குத்தான். அம்மா பதறிப்போய், "இன்னும் கொஞ்சம் கேசரி வெச்சுக்குங்க" என்று மருந்து போட்டாள்.

அந்த அம்மா கேசரியைக் கையால் மறித்தார். மாமாவைத் தாண்டி, அத்தையைத் தாண்டி, அம்மாவையும் தாண்டி, பார்வை நேராகப் பீரோ ஓரத்துக்கு வந்தது.

"தம்பி, நீங்க சொல்லுங்க. அப்பா இடத்துல நீங்கதானே? கல்யாணத்துக்கப்புறம் வேலை விஷயம் என்ன?"

சமையலறை வாசலில் பவித்ராவின் புடவை நுனி தெரிந்தது. நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். முந்தின ராத்திரி பத்துத் தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம். எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, தெளிவாகச் சொன்னேன்:

"அது... உங்க வீட்டு வழக்கம் எப்படியோ அப்படியே செஞ்சுக்கலாங்க."

சொல்லி முடித்ததும் என் சட்டைப்பைக்குள்ளிருந்து ஓர் எக்காளம் இழவு வீட்டுச் சங்கு மாதிரி இழுத்து இழுத்து ஊதியது. தோற்றால் வருகிற சத்தம். (போனைச் சைலண்டில் போட்டாலும் விளையாட்டுச் சத்தம் அடங்காது என்பதை அன்றுதான் கற்றேன்.) பதறி போனை உருவியதில் கூடவே அந்தப் பில்லும் வந்து தரையில் விழுந்தது. பையன் நல்ல பிள்ளை. குனிந்து எடுத்துத் தன் அம்மாவிடம் கொடுத்தான்.

அவர் கடைக்காரர். பில்லைக் கண்டால் படித்தாக வேண்டும். "மாமா, அடி தாங்க. அத்தை, எட்டி அடிக்க. அம்மா, மருந்து. நான்." நிமிர்ந்தார். "உங்களுக்கு எதிர்ல ஒண்ணும் எழுதலையே தம்பி?"

"அப்படியா?" என்றார் மாமா.

பவித்ரா காபித் தட்டோடு வெளியே வந்தாள். "அண்ணன் சொன்னது தப்புங்கம்மா. நான் வேலையை விட மாட்டேன். அதுக்கு உங்களுக்குச் சம்மதம்னா மேற்கொண்டு பேசலாம்."

அந்த அம்மா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். "இதைச் சொல்லவா நாலு பேரு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "கடையை நான் முப்பது வருஷமா பாக்கறேன், இன்னும் பாப்பேன். நீ உன் வேலைக்குப் போ, என் முழங்காலை மட்டும் பாத்துக்க."

நாலே காலுக்குத் தட்டு மாற்றினோம்.

பவித்ரா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது மெதுவாக, "ஆஸ்பத்திரியிலயும் டாக்டர் கூப்பிட்டப்போ அம்மாவைத்தானே உள்ள அனுப்பின?" என்றாள், அவ்வளவுதான். அப்பாவைப் பற்றிய அந்தச் செய்தியை அம்மா தனியாகத்தான் கேட்டாள். நான் வராந்தாவில், கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்போது போனில் எந்த விளையாட்டும் கிடையாது. பழியைத் தூக்கி அதன்மேல் போட வழியில்லை.

பின்னால் அந்த விளையாட்டை நடத்தியவர்கள் அதை மூடிவிட்டார்கள். அட்டைகள் இன்னும் என் பேரில் பத்திரமாக இருக்கின்றன. மோதத்தான் களம் இல்லை. அந்தப் பில்லோ பவித்ராவின் கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. "நான்" என்பதற்கு எதிரே மாப்பிள்ளை தன் கையால், "கேசரி சாப்பிட" என்று எழுதியிருக்கிறார்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் போட்டோ எடுத்தாலும், கரண்ட் ஆபீசில் புகார் சொல்லப் போனாலும், "அவனை முன்னாடி நிறுத்து" என்பார்கள். போன மாதம் பாலக்கரையில் அவர்கள் தெருவில் ஒரு நாய் குறுக்கே நின்று உறுமியது. கதை எதுவும் தெரியாத பவித்ராவின் நாலு வயது மகள் என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "மாமா, நீதான் முன்னாடி போகணும்."

போனேன். நாய் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டு போய், கடைசியில் வந்துகொண்டிருந்த பவித்ராவின் பையில் மூக்கை நுழைத்தது.