எட்டாம் வருஷத்து நஷ்டம்

“நஷ்டம் எங்க போச்சு?” என்று ஆடிட்டர் கணினியைப் பார்த்துக் கேட்டார்.

நஷ்டம் இருக்க வேண்டிய கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மச்சானின் முகம் வெளுத்தது.

மச்சான், ஆடிட்டர் மனைவியின் அண்ணன். எட்டு வருஷத்துக்கு முன்னால் மூவாயிரம் குடைகளை, ஒன்றைக்கூட விரித்துப் பார்க்காமல், மொத்தமாக வாங்கியவர். நனைந்தால் சாயம் இறங்கும் என்பது மழை வந்தபோதுதான் தெரிந்தது. குடை வாங்கினவர்கள் நீலத் தலையோடு கடைக்குத் திரும்பி வந்தார்கள்.

அந்த நஷ்டத்தை எட்டு வருஷத்துக்குள் வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. கழிக்கத்தான் ஏழு வருஷமாக லாபம் வரவில்லை. இந்த எட்டாவது வருஷம் மச்சானுக்கு எங்கிருந்தோ கமிஷன் வந்திருக்கிறது. கணக்குத் தாக்கல் செய்ய இன்று மாலை ஆறு மணிதான் கடைசி. விட்டால் நஷ்டம் காலாவதி. கமிஷனில் மூன்றில் ஒரு பங்கு வரிக்குப் போய்விடும்.

“எங்கண்ணன் இப்பத்தான் முதமுதலா நாலு காசு பார்த்திருக்கார். அதுல ஒரு பைசா வரியில போச்சுன்னா வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க” என்று மனைவி காலையில் சொல்லியனுப்பியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

“இந்தப் புது சாஃப்ட்வேர்ல போன வருஷ நஷ்டம் தானா வந்து உட்காரும்னு விளம்பரத்துல போட்டிருந்தான், மச்சான். எனக்குப் பழைய சாஃப்ட்வேரே போதும்னு இருந்தேன். உங்க தங்கச்சிதான், எல்லா ஆடிட்டரும் வாங்கறாங்களாம், நீங்களும் வாங்குங்கன்னு ஒத்தைக்கால்ல நின்னா.”

“மாப்ளே, அது வந்து…” என்று மச்சான் சட்டைப் பையில் கை வைத்தார்.

“இதை ஊர்ல கொண்டாந்து வித்தவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், தோலை உரிச்சுடறேன்!”

மச்சான் கையை எடுத்துவிட்டார். “புதுசு இல்லையா, பழகினா சரியாயிடும்” என்றார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

ஆடிட்டர் நஷ்டத்தைக் கையாலேயே அடித்தார். ‘சேமி’யை அழுத்தியதும் கட்டம் காலியானது. கழித்தல் குறி போட்டு அடித்தார். இந்த முறை நின்றது. ஆனால் சாஃப்ட்வேர் அதைக் கழிப்பதற்குப் பதிலாக லாபத்தோடு கூட்டியது. வரி இரண்டு மடங்கானது.

“சாயம் போன குடையில லாபம் பார்த்த ஒரே ஆள் நீங்கதான் மச்சான்.”

 

ஆடிட்டர் சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“அந்த ஆளோட கணக்கை மொத்தமா அழிச்சிட்டு, மறுபடி சேர்த்துப் பாருங்க சார்.”

அவள் வைத்த சிறிது நேரத்தில் மச்சானின் போன் அடித்தது; “இதோ வந்துடறேன்” என்று வெளியே போனார்.

ஆடிட்டர் அழித்தார். எட்டு வருஷக் கணக்கும் ஒரே நொடியில் போயிற்று. மதியச் சாப்பாட்டை மறந்து, பழைய ஃபைலைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக மறுபடி ஏற்றினார். கடைசியில் திரை, ‘இவர் புதியவர். புதியவருக்குப் பழைய நஷ்டம் இருக்க முடியாது’ என்றது.

“எட்டு வருஷம் நான் பட்டது பாடு இல்லையாமா?” என்றார் திரும்பி வந்திருந்த மச்சான், நிஜமாகவே மனம் நொந்து. மறுபடி போன் அடித்தது. மறுபடி வெளியே போனார்.

“‘விட்டுப்போன நஷ்டத்தைத் தேடு’ன்னு ஒரு பட்டன் இருக்கும் சார், அதை அழுத்துங்க” என்று, ஆடிட்டர் மறுபடி கூப்பிட்டபோது உதவி எண் பெண் சொன்னாள்.

அழுத்தினார். சாஃப்ட்வேர் தேடியது, கண்டுபிடித்தது, கொண்டுபோய் ஆடிட்டருடைய சொந்தக் கணக்கில் சேர்த்துவிட்டது. தொழில்: குடை வியாபாரம். நிலை: பெருநஷ்டம். என்ன செய்தும் அதை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை.

மணி ஐந்தரை. ஆடிட்டருக்கு அழுகையே வந்துவிட்டது. இருபது வருஷத் தொழிலில் ஒருவருக்கும் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. தவறுவதுதான் தவறுகிறது, அது மனைவியின் அண்ணனுக்கா தவற வேண்டும்?

மச்சான் மூன்றாவது போனையும் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. ஆடிட்டர் உதவி எண்ணை மறுபடி கூப்பிட்டு, போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார்.

“அம்மா, அரை மணி நேரம்தான் இருக்கு. ஏதாவது பண்ணுங்க.”

“இந்த நஷ்டப் பிரச்சினைக்குன்னே ஒரு திருத்தம் இருக்கு சார். உங்க ஊர் ஏஜென்ட்கிட்ட பென் டிரைவ்ல குடுத்து வச்சிருக்கோம். மாட்டினா பத்தே நிமிஷம்.”

“அதைக் காலையிலேயே சொல்லக் கூடாதா! அந்த ஆளை உடனே அனுப்புங்க!”

“நானும் மூணு தடவை கூப்பிட்டுட்டேன் சார். ஒவ்வொரு தடவையும், ஆடிட்டருக்கு எதிர்லயேதான் உட்கார்ந்திருக்கேன், அவர் கோபம் கொஞ்சம் தணியட்டும்னு சொல்றார்!”