ஜப்பான் அண்ணனின் அமாவாசைத் தறி

ஜப்பானுக்குப் போகாமலேயே ஜப்பான் ஆனவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில் அவர் குடியிருந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். ஆனால் பால்காரர் முதல் வீட்டு ஓனர் வரை எல்லாருக்கும் அவர் 'ஜப்பான்'. நான் மட்டும் மரியாதைக்கு ஓர் 'அண்ணன்' சேர்த்துக்கொண்டேன். தொழில், டவுன் பஸ் கண்டக்டர். காதல், பழைய ஜப்பான் ஸ்பீக்கர்கள்.

தென்னேரி, வாலாஜாபாத், ஐயம்பேட்டை என்று அவர் பஸ் போகும் ஊர்களின் காயலான் கடைகளெல்லாம் அவருக்கு அத்துப்படி. யாரோ ஒரு காலத்தில் சிங்கப்பூரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து, பேரன்கள் எடைக்குப் போட்ட ஸ்பீக்கர்களைக் கோழிக்கூண்டு விலைக்கு வாங்குவார். முன்பக்கம் ஜன்னல் போல மரச்சட்டம் வைத்தது, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளைக் காகிதக் கூம்பு வைத்தது என்று எத்தனையோ ரகம். அவற்றைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றிக் கடைசி சீட்டில் உட்காரவைத்து, தனக்குத்தானே லக்கேஜ் டிக்கெட் கிழித்துக்கொள்வார்.

ஒருமுறை கூட்டம் நெரிந்தபோது ஓர் அம்மா, "அந்தப் பொட்டியத் தூக்கிக் கீழ வெய்யேன்பா, நிக்க முடியல" என்றாராம்.

"அது டிக்கெட் வாங்கிக்கினு உக்காந்திருக்குதும்மா. எப்படி எழுப்பறது?" என்றாராம் ஜப்பான்.

மாடி ஹாலில் பெட்டிகள் குடியேறியதால் பீரோ சமையலறைக்குப் போயிருந்தது. சுவரெல்லாம் போர்வை. நடுவில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் நான்கு கால்களுக்கும் தரையில் சாக்பீஸ் வட்டம். "அந்த எடத்துலதான்மா பாட்டு வந்து கூடுது" என்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் முறைவைத்து அதில் உட்கார்ந்து, "நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் காபி குடிக்க முடியும். அவர் மனைவி சாந்தி அக்காவின் அண்ணன் சற்றுப் பருமனானவர். தீபாவளிக்கு வந்தவரை மூலையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, "மச்சான், எழுந்திருக்காதீங்க. நீங்க இங்க இருந்தா பேஸ் சத்தம் நல்லா அடங்குது" என்றார். பொங்கலுக்கு அந்த மச்சான் வரவில்லை.

நானோ எதற்கும் பயப்படுகிற ரகம். பயப்பட்டது சரிதானா என்று அப்புறம் இன்னொரு முறை பயப்படுவேன். மகன் பிறந்து வீட்டுக்கு வந்ததும் மொபைலில் சத்தம் அளக்கும் செயலியை இறக்கிக்கொண்டேன். ஒரு சாயங்காலம் ஜன்னல் கம்பி அதிரப் பாட்டு. சொல்லவேண்டியதை நாலு தரம் ஒத்திகை பார்த்துக்கொண்டு மாடியேறினேன். ஜப்பான் அண்ணன் லுங்கியோடு தரையில் உட்கார்ந்து ஒரு ஸ்பீக்கரின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.

"சத்தமா? அது பின்தெரு கல்யாண மண்டபம்மா. என்னுது ஆப்பரேசன்ல இருக்குது. கண்டென்சர் மாத்திக்கினு இருக்கேன்" என்றவர், என் மொபைலை எட்டிப் பார்த்தார். "இதுல என்னைத் திட்டறதுக்குன்னு தனி நம்பர் எதுனா இருக்குதா?"

அடுத்த வாரமே இன்னொன்று. மதியம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். தகரக் கூரையில் சடசடவென்று மழை. கொடியில் குழந்தையின் துணிகள்! ஓடினேன். மொட்டைமாடியில் மண்டையைப் பிளக்கும் வெயில். இறங்கி வந்தால் தன் வீட்டு வாசற்படியில் ஜப்பான் அண்ணன், மெடல் வாங்கியவர் போல நிற்கிறார்.

"பொட்டில போட்டத மழைன்னே நெனச்சிட்டியாம்மா? சாந்தீ! துணி எடுக்க ஓடுச்சு பாரு இந்தப் பொண்ணு!"

உள்ளேயிருந்து சாந்தி அக்கா குரல் வந்தது. "காலைலருந்து நானே ரெண்டு வாட்டி ஓடிட்டேன்."

என் உண்மையான கவலை வேறு. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நெசவாளர் தனகோட்டி அண்ணனின் தறி. வயிற்றில் இருந்தபோதிலிருந்தே அந்தச் சத்தத்தில் வளர்ந்த மகன், பிறந்த பிறகு அது இல்லாமல் தூங்க மறுத்தான். தறி ஓடினால் கண் சொருகும். நின்றால் வீல் என்று அலறுவான். அமாவாசையன்று எங்கள் தெருவில் யாரும் தறியைத் தொடமாட்டார்கள். படையல், ஓய்வு, அவ்வளவுதான். மகனுக்கு அன்று முழுநாளும் அழுகை. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். நிலாவுக்கும் குழந்தைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று இணையத்தில் தேடிப் பார்த்து இன்னும் பயந்தேன். திருப்புட்குழியிலிருந்து மாமியார், "சுத்திப் போடும்மா" என்று போனில் சொன்னார். கடைசியில் என் கணவர் அரிசி டப்பாவைத் தறித் தாளத்தில் தட்டியபோது இரண்டு நிமிஷம் தூங்கினான். அப்போதுதான் விஷயமே புரிந்தது. மொபைலில் தறிச் சத்தத்தைப் பதிவு செய்து போட்டுப் பார்த்தேன். மகன் போனை ஏளனமாகப் பார்த்துவிட்டு அழுகையைத் தொடர்ந்தான்.

இந்த நிலையில் எனக்கு ஒரு நேர்காணல் வந்தது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை, ஆன்லைனில் பேச வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டதால் இனி கேட்க முடியாது. அவர்கள் கொடுத்த நேரம், அமாவாசை மதியம் மூன்று மணி. கணவருக்கு அன்று தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். தனகோட்டி அண்ணனிடம் போய், அமாவாசையில் கொஞ்சம் தறி போடுங்கள் என்று கேட்க வாய் வருமா? மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். டூட்டி முடிந்து வந்த ஜப்பான் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார்.

"போன்ல எங்கம்மா தறி இருக்குது? கரண்டி தட்டற சத்தம்தான் இருக்குது. தறியோட அடி தரை வழியா வந்து வயித்துல இடிக்கணும். அதுக்குப் பெரிய பொட்டி வேணும்."

"நடக்குமாண்ணா?"

"கொழந்தைய ஏமாத்தறது கஷ்டம். காதுல அழுக்கே இல்ல பாரு. முயற்சி பண்றேன்."

தன்னிடம் இருந்ததிலேயே பெரிய ஜோடியை இறக்கினார். கூம்பைச் சுற்றியிருந்த நுரை விளிம்பு பழைய ரஸ்க் போல உதிர்ந்தது. புதிய விளிம்பு வரவழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினார். பெட்டிக்குள் எதிரொலி அடங்கப் பட்டுநூல் கழிவை அடைத்தார். முன்பக்கத் துணிதான் சரியாக அமையவில்லை. எங்கள் கொடியை நோட்டம் விட்டவர், குழந்தைக்குக் கட்டும் பழைய வேட்டித் துணியில் இரண்டைக் கேட்டு வாங்கினார். "இதுலதான்மா எல்லாம் தடையில்லாம போவுது" என்றார். அதை நான் அவருக்கு முன்பே அறிவேன்.

மைக் செட் வைத்திருக்கும் நண்பரிடம் ரெக்கார்டர் இரவல் வாங்கித் தறிக்கு இடமும் வலமும் மைக் கட்டினார். "ஜப்பானுக்கு முத்திடுச்சு" என்று சிரித்தபடியே, எதற்கு என்றுகூடக் கேட்காமல் தனகோட்டி அண்ணன் தறியில் உட்கார்ந்தார். தொடங்கச் சொல்லும்போது பழக்கதோஷத்தில் இவர், "ரைட், போலாம்!" என்று கத்திவிட, அதுவும் பதிவாகிவிட்டது.

அமாவாசை வந்தது. ஸ்பீக்கர்கள் எங்கள் வீட்டில், செங்கல் மேல். "ரைட், போலாம்!" தட்... சர்ர்ர்... தட். இடப்பக்கப் பெட்டியிலிருந்து வலப்பக்கப் பெட்டிக்கு, ஊடைநூலை இழுத்துக்கொண்டு பாயும் தறி நாடா நிஜமாகவே சுவரில் ஓடியது. அழுதுகொண்டிருந்த மகன் நிறுத்தி, அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான், கொட்டாவி விட்டான். நான் மாடிக்கு ஓடி, சாக்பீஸ் வட்டத்து நாற்காலியில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு கீழே நடந்தது, மகனோடு இருந்த சாந்தி அக்கா சொல்லித்தான் தெரியும்.

தெரு கொதித்துவிட்டது. பெரியவர் ஒருவர் தலைமையில் கூட்டமாகப் போய்த் தனகோட்டி அண்ணன் கதவைத் தட்டியிருக்கிறார்கள். "இன்னாயா, அமாவாசையும் அதுவுமா தறி போட்றியா?" படையல் சாப்பாட்டுத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த தனகோட்டி அண்ணனுக்கும் சத்தம் கேட்கிறது. ஓடிப்போய்த் தறியைத் தொட்டுப் பார்த்தால் அது சும்மா கிடக்கிறது. "சத்தியமா நான் இல்லபா! ஆனா ஓடறது என் தறிதான். நடுநடுல ஒரு நொண்டி அடி விழுது பாரு!" என்று வெலவெலத்துப்போனார்.

கூட்டம் எங்கள் வாசலுக்குத் திரும்பியது. அங்கே காவலுக்கு நின்றவர் ஜப்பான் அண்ணன். இருபது வருஷம் பஸ்ஸில் கத்தியே பிழைத்தவர், வாழ்க்கையில் முதல்முறையாகக் கிசுகிசுத்தார். "செருப்பக் கழட்டிட்டு உள்ள போங்கபா. முன்னாடி எடம் இருக்குது. பேசாதீங்க, கொழந்த."

மாடியில் எனக்குக் காலடிச் சத்தங்கள் கேட்டன. கூச்சல் வரப்போகிறது என்று பேச்சை வேகமாக்கினேன். வரவில்லை. தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நேர்காணல் செய்த அம்மையார், "பக்கத்துல ஃபேக்டரியா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம், குழந்தை தூங்கறான்" என்றேன்.

முடித்துவிட்டு ஓடி இறங்கினேன். எங்கள் ஹால் தரை முழுக்க நெசவாளர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாடா ஓட ஓட அத்தனை தலைகளும் இடமும் வலமும் திரும்பின. நடுவே என் மகன் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"மாசத்துல ஒரு நாளு இந்தச் சத்தத்துக்குத் தப்பிச்சிக்கினு இருந்தோம். அதுக்கும் ஆப்பு வெச்சிட்டான் ஜப்பானு" என்று பெரியவர் முணுமுணுத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அந்த நொண்டி அடி போவணும்னா, நாளைக்கு மொத வேலையா தறிக் கயித்த இழுத்துக் கட்டணும்" என்றார் தனகோட்டி அண்ணன்.

ஒருவர்கூட "நல்லா இருக்குது" என்று சொல்லவில்லை. ஜப்பான் அண்ணன் வாசலில் நின்று, சீட்டெல்லாம் நிறைந்த தன் பஸ்ஸைப் பார்ப்பது போல எங்கள் ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை கிடைத்தது. சில மாதங்களில் கணவரின் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். அங்கே தறிச் சத்தமே கிடையாது. இந்தக் கவலையை நான் வாய்விட்டுச் சொல்லும் முன்பே, ஜப்பான் அண்ணன் இரண்டு பஸ் மாறி அந்த ஜோடியோடு வந்து இறங்கினார். வேண்டாம் என்றேன். அவரோடு வந்த சாந்தி அக்கா, "எடுத்துக்கம்மா. ரெண்டு கம்மியானா எங்க வீட்ல நடக்க எடம் கெடைக்கும்" என்றார்.

எல்லாக் குழந்தைகளும் முதலில் 'அம்மா' என்கிறார்களாம். என் மகன் 'ரைட்' என்றான். எதற்கெடுத்தாலும் டாக்டரிடம் ஓடுகிற நான் அதற்கு மட்டும் ஓடவில்லை. இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். தூங்கத் தறி வேண்டியதில்லை. ஆனாலும் விளக்கை அணைத்ததும் இருட்டில், "ரைட்" என்கிறான்.

"போலாம்" என்கிறேன் நான்.