மூன்றாம் ஓலைக்கு எழுந்து நின்ற மூளை சார்

பட்டாபிராமுக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே அந்தக் காலத்தில் எத்தனை மூளைகள் இருந்தனவோ, அத்தனைக்கும் தானே சொந்தக்காரர் என்ற நினைப்பில் வாழ்ந்தவர் எங்கள் மூளை சார். ஒருவர் தும்மினால் மற்றவர்கள் 'நூறு ஆயுசு' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மூளை சார் மட்டும், தும்மியவன் ஏன் உடனே சுற்றுமுற்றும் பார்க்கிறான் என்பதற்கு அரை மணி நேரம் காரணம் சொல்வார்.

காலத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது 1942-ல். இது அதற்கு அடுத்த வருடம். ஓடியவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து, ஓடாதவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த சமயம். பட்டாளத்துச் சாமான்களை இறக்கப் பட்டாபிராமில் தனி ரயில் பாதை இருந்தது. அங்கே மூளை சாரும் நானும் சரக்கு கிளார்க்குகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் அவருக்கு ஒரு தடித்த ஆங்கில மனோதத்துவப் புத்தகம் அகப்பட்டது. திங்கட்கிழமை முதல் நாங்கள் அவரிடம் அகப்பட்டோம்.

முதல் சோதனை கொட்டாவி. சென்ட்ரல் போகும் ரயிலில், ஆவடி தாண்டியதும், அவர் வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டார். எதிரே இருந்தவர் விட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் விட்டார். அம்பத்தூர் வருவதற்குள் பெட்டி முழுவதும் திறந்த வாயாக இருந்தது. டிக்கெட் பரிசோதகர் ஏறினார். "டிக்... ஆஆ... டிக்கெ... ஆஆவ்" என்று மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, "போங்கய்யா!" என்று அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

"பார்த்தீரா ஓய்?" என்றார் மூளை சார். "ஒரு மூளையைத் தட்டினா ஒன்பது மூளை திறக்குது!"

"டிக்கெட் இல்லாதவன் உம்மைக் கையெடுத்துக் கும்பிடுவான்" என்றேன், என் கொட்டாவிக்கு நடுவே.

இரண்டாவது சோதனை ஆவடி பிளாட்பாரத்தில். கூட்டத்தின் நடுவே நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஆகாயத்தையே உற்றுப் பார்த்தார். வேறு காலமாக இருந்தால் நாலு பேர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இது யுத்த காலம். ஒருவர் பார்த்தார், பத்துப் பேர் பார்த்தார்கள், யாரோ "ஐயோ!" என்றார்கள். அடுத்த கணம் பிளாட்பாரம் முழுவதும் குப்புறப் படுத்திருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் மேஜைக்கு அடியிலிருந்து கொடியை ஆட்டினார்.

கொய்யாப்பழம் விற்கும் அம்மாள்தான் முதலில் எழுந்தாள். "இன்னா நைனா, பிளேனா?"

"இல்லம்மா. சும்மாதான் பார்த்தேன்."

"சும்மா பாத்தியா? என் கூடை கவுந்து பழமெல்லாம் ரயில் ரோட்டுல உருண்டுகினு கீது, சும்மா பாத்தேன்றியே!"

"கோவிச்சுக்காதீங்க. ஒருத்தர் மேலே பார்த்தா அடுத்தவர் மூளை ஏன்னு கேக்காது. முதல்ல கழுத்தைத் தூக்கும், அப்புறம்தான் கேக்கும்."

"என் மூளை இப்பவே கேக்குது நைனா. பழத்த யாரு பொறுக்குவான்னு கேக்குது."

அவர் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். அவரோடு சினேகம் வைத்திருந்தவர்கள் எல்லாருமே ஏதாவது ஒன்றைக் குனிந்து பொறுக்கியவர்கள்தான்.

மூன்றாவது சோதனை எங்கள் ஹெட்கிளார்க் மீது. விளிம்பு வரை காப்பி நிரம்பிய டம்ளரோடு அவர் வந்தபோது மூளை சார், "சிந்திடாதீங்க சார்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் காப்பி அத்தனையும் ஹெட்கிளார்க்கின் வெள்ளைக் கால்சட்டையில் இருந்தது.

"செய்யாதேன்னு சொன்னா மூளை அதையே நெனைச்சுக்கிட்டிருக்கும் சார். கை அதையே செஞ்சுடும்."

"நீ சொல்லாம இருந்திருந்தா?"

"சிந்தியிருக்காது சார்."

"அப்புறம் ஏன்யா சொன்னே?"

"நிரூபிக்க வேண்டாமா சார்?"

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் எஸ்தர், மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். தினமும் நாற்பது குழந்தைகளை உட்காரவைத்துப் பழகியவள். அவளைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், அரக்கோணம் போக வேண்டிய புண்ணாக்கு மூட்டைகளை மூளை சார் பேசின் பிரிட்ஜுக்கு அனுப்பிவைத்தார். "மூளைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "ரத்த ஓட்டம்" என்றார். அதற்கு மேல் விளக்கம் வரவில்லை. அவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னது எனக்குக் கவலையாக இருந்தது.

எஸ்தரின் அப்பா பென்ஷன் வாங்கும் ஹெட்கான்ஸ்டபிள். பிளாட்பாரத்தில் குப்புறப் படுத்தவர்களில் அவரும் ஒருவர். அதை அவர் மறக்கவில்லை. மகளுக்காகத்தான் சம்மதித்தார், அதுவும் ஒரு நிபந்தனையோடு. "தோ பார். மூணு ஓலை படிப்பாங்க. ஒர்த்தன், ஒரே ஒர்த்தன் எந்திரிச்சு ஆட்சேபணைன்னு சொன்னாலும் கல்யாணம் கெடயாது. ஆமா."

ஓலை என்பது சர்ச்சில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போதகர் வாசிப்பார். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து நிற்க வேண்டும். முதல் ஓலையில் ஒரு சிறு சிக்கல். போதகர் மாப்பிள்ளையின் ஞானஸ்நானப் பெயரை வாசித்ததும், "அது யாருப்பா?" என்று சபை முழுவதும் கிசுகிசுத்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றி, "நம்ம மூளைதான்" என்றார். சபை சமாதானமானது.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் சபையில் எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று பலருக்குத் தெரியாது. முதல் பெஞ்சைப் பார்த்து எழுவார்கள். முதல் பெஞ்சில், பாடகர் குழுவின் ஓரத்தில், மூளை சார். இதை அவர் கண்டுபிடித்த பிறகு சும்மா இருப்பாரா? இரண்டாம் ஓலைக்கு முந்தின பிரசங்கத்தில் அரைவாசி எழுந்து அரைவாசியில் உட்கார்ந்தார். சபை முழுவதும் அரைவாசி எழுந்து அரைவாசியில் உட்கார்ந்தது. போதகருக்குப் பிரசங்கத்தில் ஒரு பக்கம் தவறிப்போய், மீன் வயிற்றில் இருக்க வேண்டிய யோனா நோவாவின் பேழையில் ஏறிவிட்டார்.

"அடுத்த வாரம் நீர் எழவே கூடாது" என்று போதகர் அவரைக் கூப்பிட்டு எச்சரித்தார். எஸ்தரின் அப்பா மீசையை முறுக்கிக் காட்டினார். அந்த வாரம் முழுவதும் மூளை சார் மூட்டைகளுக்கு நடுவே முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். "எழக்கூடாது. எழக்கூடாது. எழக்கூடாது."

மூன்றாம் ஞாயிறு. நான் அவருக்கு நேர் பின்னால். அவர் இரண்டு கைகளாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தார். போதகர் வாசித்தார். "இந்தத் திருமணத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது எழுந்து..."

மூளை சார் எழுந்தார்.

அவர் எழுந்தாரா, அவருடைய முழங்கால்கள் எழுந்தனவா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. அவர் எழுந்ததும் நான் எழுந்தேன். எனக்குப் பின்னால் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. சபை முழுவதும் எழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து, "ஆமென்" என்றார்.

போதகர் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். "இத்தனை பேருக்கும் ஆட்சேபணையா? மாப்பிள்ளைக்குமா?"

"எவன்யா அது ஆட்சேபணை?" என்று கர்ஜித்தார் ஹெட்கான்ஸ்டபிள்.

"நீங்களும் நிக்கிறீங்களே ஐயா" என்றார் போதகர்.

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். அதுவே அவரை இன்னும் சூடாக்கியது. "ஒர்த்தன் எந்திரிச்சாலே இல்லன்னேன். இங்க ஊரே எந்திரிச்சி கீது! முடிஞ்சு போச்சு. எஸ்தரு, வா ஊட்டுக்கு!"

மூளை சார் வாயைத் திறந்தார். "மாமா, இதுக்கு மூளையில ஒரு காரணம்..."

"உன் மூளைய மூட்ட கட்டி கூட்ஸு வண்டில ஏத்து!"

மூளை சாரின் முகத்தில் ரத்தம் இல்லை. ஊரையே தன் முழங்காலால் ஆட்டியவர், அந்த ஒரு நிமிஷத்தில் தன் கல்யாணத்தைத் தானே ஆட்சேபித்துக் கலைத்துவிட்டு நின்றார்.

"நைனா" என்றது ஒரு குரல், பெண்கள் பக்கத்திலிருந்து.

எல்லாரும் திரும்பினோம். அத்தனை பேர் நின்ற சர்ச்சில் ஒருத்தி மட்டும் மடியில் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் நின்னுகினு கீறீங்க. நான் ஒக்காந்துகினுதானே கீறேன்? ஆட்சேபணை இல்லாதவ நான் ஒர்த்திதான். கட்டிக்கப் போறவளும் நான்தான். அப்புறம் இன்னா?"

ஹெட்கான்ஸ்டபிளின் மீசை மேலே போயிற்று, கீழே வந்தது. "அப்புறம் இன்னா..." என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார். அவரைப் பார்த்து அவர் பெஞ்சு உட்கார்ந்தது. அதைப் பார்த்துச் சபை உட்கார்ந்தது. மூளை சார் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"நீ ஏன் எழுந்துக்கல?" என்று சர்ச் முழுவதும் கேட்கும்படி கேட்டார்.

"தோணல" என்றாள் எஸ்தர்.

கல்யாணத்தன்று போதகர், "இவளை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்று கேட்டார். மூளை சார் எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். எஸ்தர் முழங்கையால் லேசாக இடித்தாள். "சம்மதம்" என்றார்.

ஏன், எதனால், மூளையின் எந்த மூலையிலிருந்து என்று எதுவும் சொல்லவில்லை. அவர் என்னிடமும் ஊரிடமும் பேசித் தீர்த்த அத்தனை பேச்சிலும், எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒரு சொல்தான்.