ஏழாம் நம்பர் அறையில் இருப்பவர்கள்

"நீங்க உள்ள இருக்கீங்கம்மா," என்றார் தொழிற்சாலை ஆய்வாளர் சீனிவாசகம்.

பஞ்சம்மாள் அவருக்கு முன்னால்தான் நின்றாள். கையில் படிந்த வெடிமருந்தைத் தேய்த்துக் கழுவி, சேலை மாற்றி, பவுடர் போட்டு, பட்டாசுக் கம்பெனியின் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். பன்னிரண்டு மணிக்குள் போய் ஸ்கூட்டரில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். லைசென்சுக்கு இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் காலை ஊன்றிவிட்டாள்.

"உள்ள இருக்கேனா? அப்ப உங்ககிட்ட பேசுறது யாரு சார்?"

"அது பதிவில் இல்லை."

கேட்டில் மாட்டியிருந்த செல்போனை போர்மேன் சிவபாண்டி எட்டிப் பார்த்தான். ஏழாம் நம்பர் அறை, உள்ளே நான்கு பேர். முதல் பெயரே பஞ்சம்மாள். அதில் பெயர் இருக்கும்வரை அந்த ஆளுக்குக் கேட்டைத் திறக்கக் கூடாது.

பட்டாசு அறையில் ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நல்ல விதிதான், உயிர் சம்பந்தப்பட்டது. அதைக் கண்காணிக்க இன்று காலையிலிருந்து அந்தப் போனில் ஒரு செயலி அமலுக்கு வந்திருந்தது. அறைக்குத் தள்ளி ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பெட்டி. போகும்போதும் வரும்போதும் அதில் அட்டையைக் காட்டணும். தகவல் எங்கேயோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்குப் போகும். யாராவது உள்ளே போனால் கேட்டில் உள்ள போன் அதனிடம் புதுசாகக் கேட்டுக்கொள்ளும். வெளியே வந்தால் கேட்காது. பழசையே பிடித்துக்கொண்டு நிற்கும். இது அப்போது அங்கே யாருக்கும் தெரியாது.

"நாலு பேரும் இங்கனதான் நிக்காக சார். அறை காலியா கெடக்கு," என்றான் சிவபாண்டி.

"காலின்னு யார் சொன்னா?"

"நாந்தான் பாத்தேன்."

"நீங்க பார்த்தீங்க. செயலி பார்த்துச்சா?"

பஞ்சம்மாள் மணியைப் பார்த்தாள். "அப்ப நா திரும்ப உள்ள போயிட்டு வாரேன்."

"ஏற்கெனவே நாலு பேர் இருக்காங்க. நீங்க அஞ்சாவது ஆள் ஆயிடுவீங்க."

"அந்த நாலுல ஒண்ணு நாந்தான?"

"ஒரே ஆள் ரெண்டு தடவை இருக்கிறது அதைவிடப் பெரிய விதிமீறல்மா."

ஆய்வாளரின் அட்டைக்கு மட்டும் எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆகவே பொதுநலன் கருதி அவரே நேரில் சென்றார். பெட்டியில் அட்டையைக் காட்டிவிட்டு, காலி அறைக்குள் நின்று, "பஞ்சம்மாள் உள்ளிட்ட நால்வரும் உடனடியாக வெளியேறவும்," என்று உரக்கச் சொன்னார். திரும்பும்போதும் மறக்காமல் அட்டையைக் காட்டினார்.

அவர் உள்ளே போன அந்த நொடியே போன் ஒரு சிமிட்டு சிமிட்டியது. நாலு பெயரும் போய்விட்டன. வாட்ச்மேன் கோட்டைச்சாமி கேட்டைத் திறந்தார். பஞ்சம்மாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டாள்.

"முறைப்படி சொன்னா வெளிய வாராங்க, பார்த்தீங்களா," என்றபடி ஆய்வாளர் ஜீப்பில் ஏறினார். விருதுநகரில் ஒரு மணிக்கு ஒரு பாராட்டு விழா. பாராட்டு இந்தச் செயலிக்குத்தான்.

கோட்டைச்சாமி கேட்டைத் திறக்கவில்லை. "நீங்க உள்ள இருக்கீக சார்."

"யோவ், இங்க உட்கார்ந்திருக்கேன்ல?"

"அது பதிவுல இல்லயே."

ஆய்வாளர் போனைப் பார்த்தார். உள்ளே ஒருவர்: சீனிவாசகம். பிறகு ஜீப்பிலிருந்து இறங்கினார்.

கேட்டு அறையிலிருந்த லேண்ட்லைனில் சிவபாண்டி, செயலி செய்த தருண்குமாரைக் கூப்பிட்டான்.

"அம்புட்டுதானாண்ணே? திரையில வெரல வச்சுக் கீழ இழுத்து விடுங்க. புதுசா கேட்டு வாங்கிக்கிடும். ஒரு செகண்டு வேல. ஒடனே இழுங்கண்ணே."

"சரிப்பா."

அவன் வெளியே வந்தபோது ஆய்வாளர் லெட்டர் பேடை எடுத்து வைத்திருந்தார். தான் வெளியே இருப்பதாகத் தானே சான்று எழுத முடியாது. உள்ளே இருப்பவர் எழுதினால் செல்லாது. எனவே சிவபாண்டி எழுத வேண்டும்.

"நா வெளிய இருக்கேன்னு யாரு சார் எழுதுவா?"

நியாயமான கேள்விதான். அதைக் கோட்டைச்சாமி எழுதினார். கோட்டைச்சாமிக்கு ஆய்வாளர் எழுதினார். சாப்பாட்டுக்கு வந்த பெண்கள் இதைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வரிசையில் நின்றார்கள். "எங்களுக்கும் ஒண்ணு போடுங்க சார்."

சிவபாண்டி தன் சான்றை வாங்கிப் படித்தான். 'மேற்படியார் வெளியே இருக்கிறார்.' முத்திரை அழுத்தமாக விழுந்திருந்தது. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்ததும் மனசுக்கு ஒரு தெம்பு வந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டான். போன் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் இழுக்கவில்லை.