மேஸ்திரி கொடுத்த தகரம்

மாதப்பன் தகரக் கூரைமேல் ஊற்றிய நாலாவது குடம் தண்ணீரும் 'ஸ்ஸ்' என்று புகைந்து மறைந்தது. உள்ளேயிருந்து மனைவி சென்னம்மாவின் குரல் வந்தது.

"ஏங்க, ஊத்தறதை நிறுத்துங்க! இட்லிக் கொப்பரையாட்டம் ஆவி அடிக்குது. புள்ளைக்கு மூச்சு முட்டுது!"

ஐம்பத்தாறாம் வருஷத்துச் சித்திரை. ராயக்கோட்டை மலையே கானலில் கரைந்து நெளிந்துகொண்டிருந்தது. ரோடு வேலைக்கு ஜல்லி உடைக்கும் மாதப்பனுக்கு அந்தத் தகரத்தைக் கொடுத்தவர் நாராயணப்பன் மேஸ்திரி. புல் கூரையைப் பிரித்து அதைப் போட்ட நாளிலிருந்து ஒற்றை அறை அடுப்பாகிவிட்டது. எட்டு மாதக் குழந்தை சம்பங்கி உடம்பெல்லாம் வேர்க்குருவோடு துவண்டு கிடந்தாள்.

"கழட்டிப் போட்டுட்டுப் பழையபடி புல்லே வேஞ்சிரலாங்க."

"மேஸ்திரி ஆசையாக் குடுத்தது. கழட்டினா அவரு மூஞ்சியிலே எறிஞ்ச மாதிரி. அப்புறம் வேலைக்கு யாரு கூப்பிடுவா?"

யோசித்து, தகரத்தின்மேல் வைக்கோல் பரப்பினான். வெக்கை கொஞ்சம் தணிந்தது. உள்ளே வந்து படுத்தவனுக்கு அப்படியே கண் சொருகியது. தென்பெண்ணையில் இடுப்பளவு தண்ணீர். மூவரும் இலைகளைப்போல் மிதந்து போகிறார்கள். பொடிமீன்கள் வந்து சம்பங்கியின் வேர்க்குருவை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போகின்றன. அவள் சிரிக்கிறாள்.

ஆற்றுக்குள் இடி இடித்தது. விழித்து, வாசலில் வந்து எட்டிப் பார்த்தான். வைக்கோலைத் தின்னப் பின்பக்கத்து மேட்டிலிருந்து மூன்று ஆடுகள் கூரைமேல் குதித்திருந்தன.

உள்ளே வந்து, கீழேயிருந்தே கோலால் தகரத்தைத் தட்டினான். ஆடுகள் மிரண்டு துள்ளியதில் வைக்கோல் மொத்தமும் சரிந்து வாசலை அடைத்தது. வந்துகொண்டிருந்த இத்தனூண்டு காற்றும் நின்றது.

"இப்ப நல்லா இருக்குதா?" என்றாள் சென்னம்மா.

வைக்கோலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. "மாதப்பா! வீட்டுலே இருக்கியா?"

மேஸ்திரி! கூடவே அவர் மனைவி சரோஜம்மாள். குழந்தையைப் பார்க்க வந்திருந்தார்கள். வைக்கோலை விலக்கி இருவரையும் உள்ளே உட்கார வைத்தான்.

"தகரம் எப்படிப்பா இருக்குது?"

"அரமனைங்க! ஜில்லுன்னு இருக்குது." சொன்ன வாயில் வியர்வை வழிந்து உப்புக் கரித்தது.

மேஸ்திரி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆமா... ஜில்லுன்னுதான் இருக்குது."

நாலு பேரும் கனவில் இருப்பவர்களைப்போல் ஒருவர் வியர்வையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே தகரம் 'டக் டக்' என்று சூட்டில் விரிந்தது. சம்பங்கி முனகினாள்.

சரோஜம்மாள் குழந்தையை வாரி மடியில் போட்டு, வேர்க்குருவைத் தடவிப் பார்த்தாள். முந்தானையால் விசிறிக்கொண்டே சென்னம்மாவிடம் சொன்னாள்:

"எங்க வீட்டுலே போட்ட மூணாம் நாளே, வேக்காடு தாங்காமக் கழட்டி உங்களுக்குக் குடுத்துட்டோம். நீங்க இன்னுமாம்மா கழட்டலே?"