சட்டப்படி வடியாத வெள்ளம்

ஏழு குன்றுகளுக்கு நடுவே ஓர் ஆற்றங்கரை நாடு இருந்தது. அங்கே அரசர் இல்லை. கடைசியாக இருந்தவரை மக்கள் வழியனுப்பிவிட்டு, மன்றம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டிருந்தார்கள். பேராபத்து வந்தால் மட்டும் மன்றம் தன் கோலை ஒருவர் கையில் கொடுக்கும். அதன்பின் அவர் சொல்வதே சட்டம். ஆனால் கோலை வாங்குவதற்கு முன் அவர் தன் உயிர் நண்பன் ஒருவனை மன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். ஆபத்து நீங்கியதும் அந்த நண்பன் வந்து கோலைத் திருப்பிக் கேட்பான். எதிரி கேட்டால் பொறாமை என்று சொல்லிவிடலாம், நண்பன் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது என்று முன்னோர் நினைத்தார்கள். கேட்பதற்கு ஒரு நண்பன்கூட இல்லாதவனிடம் கோலைக் கொடுக்கவே கூடாது என்றும் விதித்திருந்தார்கள்.

ஓர் ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. மன்றம் கொற்றன் என்ற உழவனை அழைத்தது. கொற்றன் உண்மையிலேயே கெட்டிக்காரன். அவன் நண்பனாக நிறுத்தியது பக்கத்து வயல்காரனான சாத்தனை. இருவரும் ஒரே ஜோடி மாட்டை மாற்றி மாற்றிப் பூட்டி உழுதவர்கள். கோல் கைக்கு வந்த அன்றே கொற்றன் மக்களைக் குன்றுகளில் ஏற்றினான். இடுப்பளவு நீரில் தானே நின்று, மண்ணை வெட்டி ஆற்றுக்கு வேறு வழி காட்டினான். ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. ஊரே அவனைக் கும்பிட்டது. அந்தக் கும்பிடு அவனுக்குப் பிடித்துப்போனது.

தை பிறந்தபோது தெருக்களில் புழுதி பறந்தது. சாத்தன், கொற்றனும் மன்றமும் இருந்த குன்றின் மேல் ஏறிப் போய், முறைப்படி கேட்டான்.

“தண்ணி வடிஞ்சிருச்சு கொற்றா. கோலைக் குடுத்துட்டு வா, விதைக்கணும்.”

கொற்றன் பதில் சொல்வதற்குள், நெறி அமைச்சர் பரிதியார் குறுக்கிட்டார். வெள்ளம் வடிந்ததாகத் தோன்றுவது வெறும் கண்களுக்குத்தான் என்றும், கோல் ஏந்தியவர் அறிவிக்கும்வரை சட்டப்படி அது வடியவில்லை என்றும் விளக்கினார். கொற்றன் நண்பனைப் பார்க்காமல் தலையசைத்தான்.

அன்று மாலையே ஆணைகள் வரத் தொடங்கின. தெருவில் வெள்ளம் நிற்பதால் அதிகாரிகள் படகில்தான் போக வேண்டும். படகு மிதக்காததால் மக்கள் அதைத் தோளில் சுமக்க வேண்டும். உலர்ந்த துணியோடு வெளியே வருவது வெள்ளத்தை அவமதிக்கும் குற்றம். அதனால் பெண்கள் கிணற்றில் நீர் இறைத்து, குடும்பத்தார் அனைவரையும் நனைத்து அனுப்பினார்கள். பங்குனிக்குள் கிணறுகள் வற்றின. குடிக்க நீர் இல்லை என்று முறையிட்டவர்களுக்கு, கழுத்தளவு வெள்ளத்தில் நிற்கும் குடிகள் தாகத்தைப் பற்றிப் பேசுவது நன்றிகெட்ட செயல் என்று பதில் வந்தது. வயல்கள் நீருக்கடியில் இருப்பதால் விதைப்பும் தடை செய்யப்பட்டது.

சாத்தன் மறுபடியும் மன்றத்துக்குப் போனான். இம்முறை பரிதியார் ஆயத்தமாக இருந்தார்.

“மதிப்பிற்குரிய சாத்தனார் அவர்களே, கோலைக் கேட்கும் உரிமை நண்பருக்கு மட்டுமே உண்டு. கோலைத் திருப்பிக் கேட்பவர் எப்படி நண்பராக இருக்க முடியும்?”

மன்றம் நெடுநேரம் கைதட்டியது.

கொற்றன் சாத்தனைத் தனியே அழைத்துப் போய், ஏழாவது குன்றின் நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளும்படி கேட்டான். சாத்தன் மறுத்துவிட்டான். “உன்கிட்ட கை நீட்டி ஒண்ண வாங்கிட்டா, அப்புறம் உன்னைக் கேக்க எனக்கு வாய் வராது,” என்றான். நேரே கீழே இறங்கி, பட்டப்பகலில் தன் வயலில் எள் விதைத்தான்.

காவலர்கள் அவனைப் பிடித்தார்கள். பரிதியார் தூக்குத் தண்டனையைப் பரிந்துரைத்தார். கொற்றனோ வெள்ளத்தில் மூழ்கடிக்கும்படி தீர்ப்பளித்தான். வெள்ளம் இல்லை என்று யாரும் வாய் திறக்க முடியாததால், பரிதியார் அதை ஏற்றுக்கொண்டார்.

கடைத்தெருவின் நடுவே சாத்தனைப் புழுதியில் குப்புறக் கிடத்திக் காவலர்கள் அழுத்திப் பிடித்தார்கள். தகுந்த நேரம் கழிந்ததும் மன்றத்து வைத்தியர் நாடியைப் பார்த்தார். அது நன்றாக ஓடியது. இறந்துவிட்டார் என்று அறிவித்தார். சாத்தன் எழுந்து, மீசையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான். ஒரு காவலன் தடுக்கப் போனபோது, பிணத்தைக் கைது செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று பரிதியாரே அவனை நிறுத்த வேண்டியதாயிற்று.

வாசலில் அவன் மனைவி வெண்ணி அழுத முகத்தோடு நின்றிருந்தாள். அவனைத் தொட்டுப் பார்த்தாள். “கூழு இருக்கு, குடிக்கிறீங்களா?” என்று கேட்டாள்.

மறுநாள் சாத்தன் மிச்ச நிலத்திலும் விதைத்தான். இறந்தவனை எந்த ஆணையும் கட்டுப்படுத்தவில்லை. துணி உலர்ந்திருந்தது. தோளில் படகு இல்லை. இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த வெண்ணி காவல் சாவடிக்குப் போய், தானும் விதைத்ததாகச் சொல்லித் தன்னையும் மூழ்கடிக்கும்படி கேட்டாள். அவளுக்குப் பின்னால் அவள் தெருவே வந்து நின்றது. சித்திரையில் நாள்தோறும் மக்கள் மூழ்கடிக்கப்பட்டார்கள். கடைசியில் காவலர்கள் ஒருவரையொருவர் மூழ்கடித்துவிட்டு விதைக்கப் போனார்கள். குன்றின் மேலிருந்த சிலரைத் தவிர நாட்டில் உயிரோடு எவரும் இல்லை.

ஒருநாள் கொற்றன் தனியாக வயலுக்கு வந்தான். படகைச் சுமக்க ஆள் இல்லாததால் நடந்தே வந்தான். எள் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. வரப்பில் சாத்தனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“உன்னைத் தூக்குல போடச் சொன்னாங்க. நான்தான் தண்ணில போடச் சொன்னேன்,” என்றான்.

“தெரியும். உசுரைக் குடுத்த நீ, கோலையும் குடுத்திருக்கலாம்.”

“குடுத்துட்டா அப்புறம் நான் யாரு?”

“என்னோட மாடு பூட்டினவன். அது போதாதா?”

கொற்றன் எழுந்து குன்றேறிப் போனான்.

வெறிச்சோடிய நாடு அவனை உறுத்தியது. வெள்ளம் தொடர வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடத்தச் சொன்னான். மக்கள் விருப்பம் எப்போதும் நம் பக்கமே என்று பரிதியார் உறுதி கூறினார். அவர் கணக்கு சரியானதுதான். உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் அமைச்சர்கள், அவர்களுடைய மைத்துனர்கள். இறந்தவர்களின் வாக்கு ஓலைகளையோ ஆள்வோரே எழுதிக் குடத்தில் போடுவது அந்நாட்டின் நெடுநாள் வழக்கம். இறந்தவர்களுக்கு வாக்குரிமை உண்டு என்ற ஒரே விதியை மட்டும் எந்த ஆட்சியும் இதுவரை மாற்றியதில்லை.

வாக்கெடுப்பு நாளன்று விடியும்போதே குன்றின் அடியில் பெருங்கூட்டம். எல்லோரும் உலர்ந்த துணி உடுத்தியிருந்தார்கள். சாத்தனும் வெண்ணியும் முன்னால் நின்றார்கள். இவர்களைத் தடுக்க வழியுண்டா என்று அமைச்சர்கள் பதறினார்கள். பரிதியார் சட்டத்தை இருமுறை மனத்துக்குள் புரட்டிப் பார்த்துவிட்டு, வழியில்லை என்றார். கொற்றன் தானே எழுந்து போய்க் குடத்தின் மூடியைத் திறந்துவைத்தான்.

இறந்தவர்கள் வாக்களிப்பது அந்த நாட்டில் புதிதல்ல. நேரில் வந்து வாக்களித்தது அன்றுதான்.