தகைவிலான் வராதது குறித்துக் கீழ்வீட்டுச் சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

மாடி வீட்டிலிருந்து வணக்கம். இங்கு நலம். நலம் என்று எழுதியவுடன் இருமினேன். ஆகவே ஏறக்குறைய நலம். பதினெட்டுப் படி இறங்கி வந்து நேரிலேயே சொல்லலாம். ஆனால் வந்தால், சொல்ல வந்ததை விட்டுவிட்டு உங்கள் முழங்கால் வலியை விசாரித்துத் திரும்பிவிடுவேன். எனவே கடிதம். இதில் வருபவை:

1. இம்மாதம் இரண்டாம் தேதி, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தது.
2. வசந்தத்தின் மற்ற அறிகுறிகள் ஒழுங்காக வந்து சேர்ந்தது.
3. தகைவிலான் குருவி இருபதாம் தேதிதான் வரும் என்பதற்குப் பதினோரு ஆண்டுச் சான்று.
4. இந்த ஆண்டு அது வராதது.
5. என் சம்மதம்.

கொத்தனாருக்கு வேண்டியது ஐந்தாவது மட்டும்தான். நான் எழுதிக் கொடுக்காமல் என் பால்கனியில் கை வைக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருப்பதால், கலவையைக் குழைத்து வைத்துவிட்டுக் கூடத்தில் நிற்கிறார். "ஐயா, இன்னும் எத்தனை பக்கம்? கலவை கல்லாயிடும்" என்கிறார். என் எழுத்து கோணலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலாவது. என் பால்கனிக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடுக்கு. அதில் ஆண்டுதோறும் தகைவிலான் ஜோடி ஒன்று சேற்றால் கூடு கட்டுகிறது. அதன் எச்சம் நேரே கீழே உங்கள் கொடியில் காயும் வெள்ளைச் சட்டைகளில் விழுகிறது. குடியிருப்போர் சங்கத் தலைவர் என்ற முறையில் இடுக்கைப் பூசி அடைக்கலாம் என்றீர்கள். நியாயம்தான். ஆனால் கடல் தாண்டி வரும் பறவைக்கு உலகத்தில் அந்த ஒரு சாண்தான் வீடு என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தாமல் எழுந்தும் நின்றுவிட்டேன். "இருபதாம் தேதி வந்துவிடும், அடைக்க வேண்டாம்" என்றேன். "என்ன சம்பந்தி, கடுதாசி போட்டுச்சா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். "வரலைன்னா?" என்றீர்கள். வராவிட்டால் அடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் எதிர்த்துப் பேசினான் என்று வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் நானாகவே சொன்னேன்.

இரண்டாவது. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்த வரையில், வாசல் மரம் ஐந்தாம் தேதி துளிர்விட்டது. எட்டாம் தேதி எறும்புகள் சர்க்கரை டப்பாவை அடைந்தன. பதினான்காம் தேதி முதல் பால்கனிக் கதவுக்கு அப்பால் கீச்சுக் கீச்சென்று சத்தம். இருபது ஆகவில்லையாதலால் சிட்டுக்குருவி என்று பதிவு செய்தேன்.

மூன்றாவது. வானிலை அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டு மழை அளந்தவன் நான். அளவில் எனக்குக் குளறுபடி கிடையாது என்று நம்புகிறேன். ஓய்வு பெற்றபின் பதினோரு ஆண்டுகளாகக் குறிப்பேட்டில் தகைவிலானின் முதல் வருகை இதே மாதம் இருபதாம் தேதி. ஒரே ஒருமுறை இருபத்திரண்டு. காரணம் தெரியவில்லை, எதிர்க்காற்றாக இருக்கலாம்.

நான்காவது. இருபது போயிற்று. தினமும் சமையலறை ஜன்னலில் கழுத்து வலிக்க வானத்தைப் பார்க்கிறேன். கூரிய சிறகு, பிளந்த வால், ஒன்றையும் காணோம். "அந்தக் குருவிக்கு வேற வேலை இருக்காதா? வந்து சாப்பிடுங்க" என்கிறாள் என் மனைவி. பால்கனிக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால், என் நெஞ்சுச் சளிக்காகக் குளிர்காலத்தில் அவள் துணி செருகி அடைத்த மரக்கதவு இன்னும் திறக்கவில்லை. "டாக்டர் பார்க்காம கதவைத் தொறந்தீங்கன்னா, அப்புறம் நீங்களாச்சு, உங்க நெஞ்சாச்சு!" இன்று இருபத்தைந்து. வழியில் புயலோ, வலையோ, என்ன ஆயிற்றோ. நான் நாள் குறித்துக் கொடுக்காமலிருந்தால் இந்த இடுக்காவது மிஞ்சியிருக்கும்.

ஐந்தாவது. கொத்தனார் மூன்றாம் முறை தொண்டையைக் கனைக்கிறார். வாக்கு வாக்குதான். அடைத்துக்கொள்ளலாம், சம்மதம்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பு. குழந்தைகள் இருவரும் தம்பதியாக நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
மாடி வீட்டுச் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ள கையெழுத்தை இரண்டு கோடு போட்டு அடித்திருக்கிறேன், கவனிக்கவும்.

கையெழுத்து விழுந்ததும் கொத்தனார் பால்கனிக் கதவுக்குப் போனார். குளிர்காற்று படக் கூடாதென்று மனைவி என்னை உள்ளறையில் தள்ளிக் கழுத்துத் துணியைச் சுற்றினாள். கொத்தனார் துணிகளைப் பிடுங்கும் சத்தம், கதவு கிறீச்சிடும் சத்தம், கரண்டி சட்டியில் உரசும் சத்தம். நான் கண்களை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "அம்மாடி!"

"என்ன ஆச்சு?" என்று உள்ளிருந்தே கேட்டேன்.

"மூஞ்சியிலயே அடிச்சிட்டுப் போகுது! ஐயா, ஓடியாங்க! எனக்கு முன்னாடியே ரெண்டு கொத்தனார் இங்க வேலையை முடிச்சிட்டாங்க!"

ஓடினேன். இருமல் கூட வரவில்லை. இடுக்கில் புதுச் சேற்றுக் கிண்ணம்; ஓரத்தில் பிளந்த வால் ஒன்று. கட்டப் பத்து நாளாவது ஆகியிருக்கும் என்று கொத்தனார் தொழில்முறைக் கருத்துச் சொன்னார். போன வாரம் சட்டையில் விழுந்ததற்கு நீங்கள் புறாவைத் திட்டியது மாடி வரை கேட்டது. என் தேதியை நம்பியதால் வந்த வினை. புறாவிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"அப்படியானால் இருபதாம் தேதி?" என்று மனைவியைக் கேட்டேன்.

"வருஷா வருஷம் பத்தொம்பதாம் தேதி டாக்டர் பார்ப்பார், இருபதாம் தேதி நான் கதவைத் தொறப்பேன். ஒரு தடவை அவர் லீவு, ரெண்டு நாள் தள்ளிப் போச்சு. இந்த வருஷம் அவர் பொண்ணு கல்யாணம், முப்பதுன்னு சொல்லிட்டாங்க. இதையும் உங்க நோட்டுல எழுதிக்க வேண்டியதுதானே?"

மழைமானியைக் கூரைக்கு அடியில் வைக்காதே என்பது எங்கள் அலுவலகத்தின் முதல் பாடம். பதினோரு ஆண்டுகள் என்னையே கூரைக்கு அடியில் வைத்து அளந்திருக்கிறேன்.

நிபந்தனைப்படி பறவை இருபதுக்கு முன்பே வந்துவிட்டது. ஆகவே இடுக்கு திறந்தே இருக்கும். இதை நான் எதிர்ப்பாகச் சொல்லவில்லை, ஆனால் சொல்கிறேன். கலவை வீணாகவில்லை: உங்கள் வாசலில் ஆடிக்கொண்டிருந்த படியைக் கொத்தனார் பூசிவிட்டார், இன்று மட்டும் மிதிக்க வேண்டாம். கூட்டுக்குக் கீழே ஒரு பலகையும் அடிக்கிறார். சட்டைகளை அச்சமின்றிக் காயப்போடலாம்.

மூன்றாவது அம்சம் தவறு. பதினோரு ஆண்டுகளாக இருபதாம் தேதி வந்துகொண்டிருந்தது தகைவிலான் அல்ல, நான்.